ஸ்பேசர் போட்ட வண்டி மலையேறினால்: சத்தம், ஆட்டம், உரசல் எதனால் வருகிறது, எப்படிச் சரிசெய்வது

நீலகிரியில் ஓடும் வண்டிக்கு வீல் ஸ்பேசர் (சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் உலோகத் தட்டு) போட்டால் அதில் உள்ள தவறு பாதி இங்கே மறைந்துகொள்ளும். வீல் சரியான மையத்தில் உட்காராத கோளாறு 70 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் ஸ்டியரிங்கில் தெரியும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்குள்ளேயே சுற்றும் வண்டி அந்த வேகத்தைத் தொடுவதே அபூர்வம். டயர் உரசும் கோளாறு இதற்கு நேர்மாறு. கோவையில் மாட்டி, நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலு பேரும் சாமானுமாகக் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போதுதான் மட்கார்டில் டயர் படும். ஆகவே மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை என்று இரண்டு இடத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே ஸ்பேசர் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல முடியும்.

முதலில் இரண்டு வகைகளைப் பிரித்துக்கொள்வோம். ஸ்லிப் ஆன் என்பது வெறும் தட்டு. 3 முதல் 10 மி.மீ. வரை கனம் இருக்கும். வண்டியின் சொந்த ஸ்டட் (வீல் நட்டு ஏறும் மரைக் கம்பி) அதன் ஓட்டைகள் வழியாக வெளியே வர, அதிலேயே வீலையும் மாட்டுவோம். போல்ட் ஆன் என்பது பெரும்பாலும் 20 மி.மீ.யும் அதற்கு மேலும். அது தன் நட்டுகளால் ஹப்பில் இறுக்கப்படும்; வீல் ஸ்பேசரின் சொந்த ஸ்டட்களில் ஏறும். கோளாறுகள் இந்த இரண்டுக்கும் ஒன்றல்ல.

அறிகுறி 1: கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் "டக்" என்ற சத்தம், மெதுவாகப் போகும்போதே வீல் ஆட்டம்

இதைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்துங்கள். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். நட்டு தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மற்ற வேலை.

சாலையோரம் சமமான இடமாகப் பார்த்து ஒதுக்குங்கள். சரிவில் ஜாக்கி போட வேண்டாம். எதிர்முனையிலுள்ள இரண்டு சக்கரங்களுக்கும் இருபுறமும் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுத்துவிட்டு, நட்டுகளைச் சுற்றி உற்றுப் பாருங்கள். தளர்ந்த நட்டின் அடியிலிருந்து செம்மண் தூள் போன்ற துருப்பொடி கோடாக வழிந்திருக்கும். மழை ஈரம் பட்டால் அது வீலின் மேல் பழுப்புக் கீற்றாகக் காய்ந்திருக்கும். நட்டு உட்காரும் குழி புதிதாகத் தேய்த்தது போல் பளபளக்கும். இந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலே வீலைக் கழற்றித்தான் ஆக வேண்டும், வெறுமனே இறுக்கினால் போதாது.

கழற்றியதும் வீலின் ஓட்டைகள் முட்டை வடிவாக நீண்டிருக்கிறதா, ஸ்டட்டின் மரை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டையும் மரையும் நன்றாக இருந்தால் ஸ்பேசரை எடுத்துவிட்டு, வண்டியோடு வந்த நட்டைப் போட்டு (நீள ஸ்டட் என்றால் இருபுறமும் திறந்த நட்டு) வீட்டுக்குப் போகலாம். ஒரு பக்கம் எடுத்தால் அதே ஆக்சிலின் மறுபக்கமும் எடுக்க வேண்டும். மரை நசுங்கியோ ஸ்டட் வளைந்தோ இருந்தால் வண்டியை ஏற்றிக்கொண்டு போகும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். மீதமுள்ள மூன்று நட்டுகளை நம்பி பர்லியாறு பக்கம் இறங்குவது ஆபத்து.

ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடிக்காமல் திரும்ப மாட்டினால் திரும்பவும் தளரும். அடிக்கடி காணும் காரணங்கள் இவை.

மரைப் பிடிப்பு போதவில்லை. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்காவது நட்டு மரையில் ஏற வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி 1.5 என்றால் 8 முழுச் சுற்று, 1.25 என்றால் 10 சுற்று. ஸ்பேசரும் வீலும் மாட்டிய நிலையில் கையாலேயே நட்டைத் திருகி எண்ணுங்கள். ஐந்து சுற்றிலேயே நட்டு முட்டி நின்றால் அந்த ஸ்பேசருக்கு நீள ஸ்டட் தேவை. இல்லையென்றால் அந்த ஸ்பேசர் வேண்டாம்.

மரை இடைவெளி மாறிவிட்டது. மாருதி ஸ்விஃப்டின் ஸ்டட் 12க்கு 1.25. ஹோண்டா, டொயோட்டா, ஹூண்டாய் கார்களில் 12க்கு 1.5. ஸ்விஃப்டுக்கும் ஹோண்டா சிட்டிக்கும் நான்கு ஓட்டை, பிசிடி (ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் அமையும் வட்டத்தின் விட்டம்) 100 என்பது ஒன்றே என்பதால் "ரெண்டுக்கும் சேரும்" என்று சொல்லி விற்ற போல்ட் ஆன் ஸ்பேசரில் 1.5 ஸ்டட் இருக்கும். ஸ்விஃப்டின் நட்டு அதில் இரண்டு சுற்று ஏறி இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்தால் நட்டு மரையை அறுத்துக்கொண்டே உள்ளே போகும். இறுகிவிட்டது போலவும் தோன்றும். எந்த நட்டும் முதல் ஆறு சுற்று விரலால் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அதோடு நிறுத்துங்கள்.

நட்டின் உட்காரும் முகம் வேறு. கூம்பு முகம், உருண்டை முகம், வாஷருடன் கூடிய தட்டை முகம் என்று மூன்று உண்டு. ஹோண்டாவின் சொந்த வீலுக்கு உருண்டை முகம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கூம்பு. உருண்டைக் குழியில் கூம்பு நட்டு ஒரு மெல்லிய வளையக் கோட்டில் மட்டுமே படும். டார்க் ரென்ச் (குறித்த இறுக்க அளவில் சத்தம் தரும் ஸ்பேனர்) "கிளிக்" சொல்லும். ஆனால் 50 கி.மீ. ஓடியதும் அந்தக் கோடு நசுங்கிப் பிடி போய்விடும்.

மூடிய நட்டு ஸ்டட்டின் நுனியில் முட்டுகிறது. நீள ஸ்டட் போட்டவர்கள் மூடிபோட்ட அழகு நட்டு போட்டால் இது நடக்கும். நட்டின் உள் அடி ஸ்டட்டில் முட்டி இறுகும், வீல் இறுகாது. நீள ஸ்டட்டுக்கு இருபுறமும் திறந்த நட்டுதான். வழியில் ஸ்பேசரை எடுத்துவிட்டு ஓட்ட நேர்ந்தாலும் இது முக்கியம்: ஸ்பேசர் இல்லாதபோது ஸ்டட் இன்னும் அதிகமாக வெளியே நீண்டிருக்கும், மூடிய நட்டு கட்டாயம் முட்டும்.

கடைசிக் காரணம் ஹப் முகத்திலுள்ள துரு, பெயின்ட், மண். குன்னூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். ஹப் முகம் காய்வதே இல்லை. துருச் செதிலின் மேல் ஸ்பேசரை வைத்து இறுக்கினால் முதல் நூறு கி.மீ.யில் செதில் பொடியாகும். பொடியான கனம் அளவுக்கு இறுக்கம் குறையும். இதோடு மலை இறக்கத்தின் சூடு சேர்கிறது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். குன்னூரிலிருந்து கல்லாறு வரை பிரேக் பிடித்தே இறங்கினால் ஹப்பும் ஸ்பேசரும் சூடாகி விரிந்து நட்டை அழுத்தும். இடையில் பெயின்ட் இருந்தால் அது நசுங்கும். ஆறியதும் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். இறங்கும்போது நன்றாக இருந்த வண்டி மறுநாள் காலை "டக்" என்று சத்தம் போடுவது இதனால்தான்.

அறிகுறி 2: மலையில் நன்றாக ஓடுகிறது, மேட்டுப்பாளையம் தாண்டி வேகம் எடுத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது

நிறையப் பேர் முதலில் பேலன்சிங் செய்வார்கள். வீலை மட்டும் கழற்றி மெஷினில் சுற்றினால் எல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் கோளாறு வீலில் இல்லை, வீல் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது.

ஹப்பின் நடுவே ஒரு உதடு நீட்டிக்கொண்டிருக்கும். வீலின் நடு ஓட்டை அதில் இறுக்கமாக உட்கார்ந்துதான் மையம் பிடிக்கிறது. ஸ்விஃப்டில் அதன் விட்டம் 54.1 மி.மீ., ஹோண்டா சிட்டியில் 56.1, இன்னோவாவில் 60.1. எல்லாக் காருக்கும் பொருந்த வேண்டும் என்று ஓட்டையைப் பெரிதாக வெட்டிய ஸ்பேசர் ஸ்விஃப்டில் தொளதொளவென்று ஆடும். 56.1 ஓட்டையே போதும், பக்கத்துக்கு 1 மி.மீ. நகர இடம் கிடைத்துவிடுகிறது. வெர்னியரால் ஹப் உதட்டையும் ஸ்பேசர் ஓட்டையையும் அளந்து பாருங்கள். கையால் தள்ளி ஏற்றும் அளவுக்கு நெருக்கம் வேண்டும். மாட்டிய பின் விரலால் ஆட்டினால் அசையக் கூடாது.

அடுத்து உதட்டின் உயரம். பிரேக் டிஸ்க்குக்கு வெளியே உதடு 8 மி.மீ. நீட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் மீதி 3 மி.மீ. வீல் ஓட்டையின் விளிம்பில் சரிவாகச் சீவியிருக்கும் பகுதியே அந்த 3 மி.மீ.யைத் தின்றுவிடும். வீலுக்குப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. 8, 10 மி.மீ. தட்டுகளில் சொல்லவே வேண்டாம். ஸ்பேசரிலேயே வெளிப்பக்கம் புது உதடு கடைந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெல்லிய தட்டில் அதைக் கடைய உலோகம் போதாது. எங்கள் கணிப்பில் 6 முதல் 10 மி.மீ. வரையுள்ள உதடில்லாத ஸ்பேசர்தான் மிக மோசமான தேர்வு: ஹப்பின் உதட்டை முழுங்கும், தன்னிடமும் உதடு இருக்காது. ஒன்று 3 மி.மீ.யோடு நில்லுங்கள், இல்லை உதடுள்ள 15, 20க்குப் போங்கள். இரண்டு தட்டுகளை அடுக்கிக் கனம் கூட்டுவது எந்தக் காரிலும் கூடாது.

உதடும் ஓட்டையும் சரியாக இருந்தும் நடுக்கம் நின்றபாடில்லை என்றால், ஸ்பேசரின் கனத்தை மைக்ரோமீட்டரால் ஆறு இடங்களில் அளக்கவும். இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் லேத்தில் சீவிச் சரிசெய்யப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள். வார்ப்பு அலுமினியத்தில் செய்த மலிவுச் சரக்கில் இது அடிக்கடி வரும். 6061 டி6 அலுமினியக் கட்டியிலிருந்து வெட்டியதோ, அடித்து உருவாக்கியதோதான் வாங்கத் தகுந்தது.

அறிகுறி 3: கொண்டை ஊசி வளைவில் மட்டும் "சர்ர்" என்ற உரசல்

ஏறும்போது வருகிறதா, இறங்கும்போது வருகிறதா என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாயும், வளைவின் வெளிப்பக்கப் பின் சக்கரம் மேலே அமுங்கும். மட்கார்டின் உள்மடிப்பு டயரின் தோளில் படும். இறக்கத்தில் பிரேக்கும் சேர்ந்து பாரம் முன்னுக்கு வரும், வெளிப்பக்க முன் சக்கரம் ஒடிந்த நிலையிலேயே அமுங்கும். பிளாஸ்டிக் லைனரிலோ பம்பரின் ஓரத்திலோ படும். கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் ஏறி வந்த வண்டியின் பின்மடிப்பைத் தடவிப் பார்த்தால் ரப்பர் தூள் விரலில் ஒட்டும்.

உறுதி செய்ய எளிய வழி சாக்பீஸ். டயரின் தோள் முழுக்கப் பூசி, வழக்கமான ஆட்களையும் சாமானையும் ஏற்றி, அந்த வளைவுகளில் போய்வந்து எங்கே அழிந்திருக்கிறது என்று பாருங்கள். வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால் பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, ஒரு முன் சக்கரத்தையும் அதற்குக் குறுக்கேயுள்ள பின் சக்கரத்தையும் 15 செ.மீ. உயரக் கட்டையில் ஏற்றி நிறுத்துங்கள். ஏறிய பின் சக்கரத்துக்கும் மடிப்புக்கும் நடுவே விரல் நுழையாவிட்டால் இடைவெளி போதாது. முன்னால் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பியும் பாருங்கள். ரிவர்சிலும் பார்க்க வேண்டும். குறுகிய வீதியில் வண்டி திருப்பும்போது அந்த நிலைதான் வரும்.

கணக்கு நேரானது. ஆப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.யில்) 45 உள்ள வீலுக்கு 15 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஆப்செட் 30 ஆகிறது, டயர் அந்த 15 மி.மீ. வெளியே வருகிறது, இரு சக்கரங்களுக்கு நடுவே அகலம் 30 மி.மீ. கூடுகிறது. ஆகவே ஸ்பேசர் வாங்கும் முன்பே மட்கார்டின் உள்விளிம்பிலிருந்து டயர் வரை ரூல் ஸ்கேலால் அளந்து, அதில் 8 மி.மீ.யாவது ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் ஸ்பேசருக்குக் கொடுக்க வேண்டும். மடிப்பைச் சுத்தியலால் தட்டி மடக்கி இடம் செய்பவர்கள் உண்டு. பெயின்ட் வெடித்த இடத்தில் நம் ஈரக் காற்று ஒரே மழைக்காலத்தில் துருவை ஏற்றிவிடும். கனம் குறைந்த ஸ்பேசருக்கு மாறுவதே சரி.

அறிகுறி 4: இறுக்கியும் வீல் ஸ்பேசரோடு ஒட்டவில்லை, நடுவே ஒளி தெரிகிறது

போல்ட் ஆன் ஸ்பேசரில் இது வண்டியின் பழைய ஸ்டட் செய்யும் வேலை. 20 மி.மீ. ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி ஸ்டட் நுனி நாலைந்து மி.மீ. வெளியே நிற்கும். அலாய் வீலின் பின்முகத்தில் ஸ்டட்களுக்கு நடுவே குழிவு இருந்தால் நுனி அதற்குள் போய்விடும். குழிவு இல்லாத இரும்பு வீலில் முட்டும். இறுக்க இறுக்க வீல் வளையுமே தவிர உட்காராது. ஸ்டட் நுனியில் கொஞ்சம் கிரீஸ் தடவி வீலை ஏற்றி எடுத்தால் முட்டும் இடத்தில் அச்சு விழும். ஸ்டட்டை வெட்டுவது பின்வாங்க முடியாத வேலை, பிறகு ஸ்பேசர் இல்லாமல் ஓட்ட முடியாமல் போகலாம். 25 மி.மீ. ஸ்பேசர் அதற்கு மாற்று, மட்கார்டில் இடம் இருந்தால் மட்டும்.

இங்கேயே ஸ்டெப்னியையும் சோதித்துவிடுங்கள். நாலு அலாய் வீலும் ஒழுங்காக உட்காரும், டிக்கியில் இருக்கும் இரும்பு ஸ்டெப்னி மட்டும் முட்டும். அதை ராத்திரி கல்லாறில் பஞ்சரான பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. இரும்பு வீலுக்கு நட்டு முகம் வேறானால் அந்த நட்டுகளும் ஸ்டெப்னியோடு ஒரு பையில் இருக்க வேண்டும்.

ஸ்லிப் ஆனில் இதே இடைவெளி தெரிந்தால் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சிறு ஸ்க்ரூவின் தலை துருத்துகிறதா, ஹப் உதட்டின் அடியில் துரு வளையம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வளையம் நகத்துக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி 5: ஸ்டியரிங் கனக்கிறது, குழியில் விழுந்தால் கையை உதறுகிறது

முன் சக்கரம் வெளியே தள்ளியதால் ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையில் படும் நடுவுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. இது கோளாறு அல்ல, ஸ்பேசரின் குணம். அலைன்மென்டால் தீராது, ஏனென்றால் ஸ்பேசர் டோவையோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரையோ (சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்றுவதில்லை. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் மட்டும் இரு பக்க ஸ்பேசரும் ஒரே கனமா, பிரேக் இரண்டிலும் ஒன்றுபோல் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 6: வேகத்தோடு கூடும் "ம்ம்ம்" என்ற முனகல்

பேரிங். சக்கரம் வெளியே போகப் போகப் பேரிங்கின் மேல் நெம்பும் பாரம் கூடுகிறது. கனமான ஸ்பேசரில் அது சீக்கிரம் தேயும். மலைச்சாலை இதற்கு நல்ல சோதனைக் களம். இடது வளைவில் சத்தம் கூடி வலது வளைவில் குறைந்தால் வலது பேரிங் போயிருக்கிறது. மாறி வந்தால் இடது. டயர் சத்தம் வளைவுக்கு வளைவு இப்படி மாறாது.

அறிகுறி 7: போல்ட் போடும் காரில் "டிக் டிக்", சக்கரம் கையால் சுற்றவில்லை

ஃபோக்ஸ்வாகன் போலோ போன்ற கார்களில் ஸ்டட் கிடையாது, 14க்கு 1.5 போல்ட். ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ போல்ட்டும் அத்தனையே நீள வேண்டும். குறைந்தால் பிடிப்பு போகும். கூடினால் நுனி ஹப்பின் பின்னால் நீண்டு உள்ளே இருக்கும் பாகங்களில் இடிக்கும். மாட்டியவுடன், தரையில் இறக்கும் முன், கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

மாட்டும் முறை

சமதரை, எதிர்முனைச் சக்கரங்களுக்கு முட்டு, ஜாக்கிக்குப் பிறகு ஆக்சில் ஸ்டாண்ட். ஹப் முகத்தைக் கம்பி பிரஷாலும் பிறகு 120 எமரியாலும் இரும்பு நிறம் தெரியும் வரை தேயுங்கள். உதட்டின் அடி வளையத்தைச் சிறு உளியால் சுரண்டுங்கள். வீலின் பின்முகத்தில் வழிந்த பெயின்டையும் எடுக்க வேண்டும். துணியால் துடைத்து, உதட்டின் பக்கவாட்டில் மட்டும் ஆன்டி சீஸ் பசையை விரல் நுனி அளவு தடவுங்கள். இல்லையென்றால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டி, ஒரு வருடம் கழித்து ஸ்பேசரை உளி வைத்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கும். ஸ்டட் மரையில் பசையோ எண்ணெயோ வேண்டாம். எண்ணெய் பட்ட மரை அதே டார்க்கில் அதிகமாக இழுபட்டு ஸ்டட்டை நீட்டிவிடும்.

ஸ்பேசரை ஏற்றிச் சுற்றிலும் இடைவெளி இல்லை என்று பார்த்த பின் வீல். நட்டுகளை விரலால் ஏற்றி, குறுக்கே குறுக்கே மாற்றி முதலில் 40 நியூட்டன் மீட்டர், பிறகு வண்டியின் மேனுவலில் சொன்ன முழு அளவு. 12 மி.மீ. ஸ்டட்டுக்கு அது பொதுவாக 85க்கும் 110க்கும் நடுவே இருக்கும். முழு அளவைச் சக்கரம் தரையைத் தொட்ட நிலையில் கொடுங்கள். போல்ட் ஆனில் ஸ்பேசரை ஹப்பில் பிடிக்கும் உள்நட்டுகளுக்கும் இதே வரிசை, அளவு ஸ்பேசர் செய்தவர் சொன்னது. முடிந்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் வீல் மேல் நீளும்படி பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் வண்டி எடுக்கும்போது கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 50 கி.மீ. ஒரு தடவை இறங்கி ஏறினால் 100. அந்தத் தூரத்தில், பிரேக் முழுக்க ஆறிய பின், டார்க் ரென்சால் மறுபடி பாருங்கள். போல்ட் ஆன் என்றால் வீலைக் கழற்றி உள்நட்டுகளையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் விடுவது இதைத்தான். வெளிநட்டு இறுக்கமாக இருக்க உள்நட்டு தளர்ந்து வீலும் ஸ்பேசருமாகச் சேர்ந்து கழன்றுபோகும். பிறகு 500 கி.மீ.யில் ஒரு தடவை, அதன் பின் டயர் மாற்றிப் போடும் ஒவ்வொரு தடவையும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியில் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. ஸ்பேசர் சக்கர அகலத்தை மாற்றுகிறது, ஆகவே இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். சுற்றுலா ஆட்களை ஏற்றி ஓடும் டாக்சிக்கு ஸ்பேசர் வேண்டவே வேண்டாம்: நாள் முழுக்க முழு லோடு, நாள் முழுக்க வளைவு, நட்டைக் குனிந்து பார்க்க நேரமே இல்லாத வண்டி அது.